பத்து நாள் ஊற வேண்டிய எலும்பு

அந்த ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் நிதானம். டாக்டர்கள் 'நிதானம் சார்' என்பார்கள். தரை துடைக்கிற அம்மா 'நிதானத்தண்ணன்' என்பாள். கோபம் வந்தால் எல்லாருமே 'அந்த நிதானம்' என்பார்கள். பெயர் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை.

எலும்பு பிடிவாதம் பிடித்த பொருள். தோல், குடல், ஈரல் எல்லாம் ஒரு நாள் ஃபார்மலினில் கிடந்தால் போதும், மெழுகில் பதித்து மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிவிடலாம். எலும்பைச் சீவப் போனால் கத்திதான் பல்லிளிக்கும். முதலில் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து மெத்தென்று ஆக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று காட்டமான ஆசிட். சில மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். இன்னொன்று ஈடிடிஏ என்று ஒரு சாதுவான கரைசல். கூடத்தில் அதற்கு 'மெதுவானது' என்று பேர். அதில் எலும்பு பத்து நாள் ஊற வேண்டும், தினமும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், ஊசியால் குத்திப் பதம் பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு லாயக்கில்லாத வேலை.

அப்புறம் எதற்கு அந்தப் பத்து நாள் என்று கேட்டால், ஆசிட்டுக்குப் பசி அதிகம். சுண்ணாம்பைத் தின்றதோடு நிற்காது. செல்லுக்குள் இருக்கிற மரபணுச் செய்தியையும் சேர்த்துத் தின்றுவிடும். மைக்ரோஸ்கோப்பில் செல்லின் உருவம் தெரியும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பதில் வராது. முன்பெல்லாம் உருவம் தெரிந்தால் போதும் என்று இருந்தார்கள், இப்போது அது போதவில்லை.

கூடத்தின் தலைமை டாக்டரம்மா இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்குகிற அழகே தனி. "எலும்புக்குள்ள ரத்தக்குழாய்ல கிளம்புற கட்டி இருக்கே, ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது. வந்தா நம்ம உயிரை வாங்கிடும். சாதுவும் அதே மூஞ்சி, சண்டியரும் அதே மூஞ்சி. கண்ணால பார்த்து நம்பவே கூடாது. எந்த ஜீன் தன் இடத்துல இருந்து பிச்சுக்கிட்டுப் போய் எதோட ஒட்டிக்கிட்டிருக்குன்னு பார்க்கணும். ஃபாஸ்னு ஒரு ஜீன், அது போய் ஒட்டியிருந்தா சாது. சுரண்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பலாம். கேம்டா ஒட்டியிருந்தா அது வேற கதை, நுரையீரல் வரைக்கும் ஓடும். அந்த ஜோடியைக் கண்டுபிடிக்கத்தான் நம்ம நிதானம் பத்து நாள் எலும்புக்குக் காவல் இருக்கார்."

ஒருமுறை பெரிய சர்ஜன் ஒருவர் ரிப்போர்ட் எங்கே என்று கூடத்துக்குள்ளேயே வந்து சத்தம் போட்டார். நிதானம் கரைசலை அளந்து ஊற்றியபடியே, "சார், நீங்க கத்தினா என் காது வலிக்கும், எலும்புக்கு வலிக்காது. பத்தாம் நாள் வாங்க" என்றார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது. வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் ஒரே ஒரு முறைதான் அவசரப்பட்டார். அந்த ஒரு முறை பாட்டிலில் இருந்தது அவருடைய தங்கை புருஷனின் எலும்பு.

தங்கை புருஷன் பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பே இவருக்குச் சிநேகிதர், அதனால் மாப்பிள்ளை முறுக்கெல்லாம் காட்டத் தெரியாதவர். ஒருவரை ஒருவர் வாரிவிடாமல் அவர்களால் ஒரு வாய் டீ குடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிதானம் அந்த வீட்டுக்குப் போவார். சீட்டாட்டம் நடக்கும். தோற்றவர் ஜெயித்தவரைத் திருடன் என்பார். கிளம்பும்போது மாப்பிள்ளை தெருமுனை வரை வழியனுப்ப வருவார். வழியனுப்ப வந்தவர் அங்கேயே விளக்குக் கம்பத்தடியில் அரை மணி நேரம் நின்று பேசுவார். "இந்தப் பேச்சை வீட்டுக்குள்ளேயே பேசக் கூடாதா?" என்று தங்கை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள் பேசினால் அது வேறு பேச்சாகிவிடும் என்பது அவளுக்குப் புரிந்ததே இல்லை.

அந்த வருஷம் மாப்பிள்ளைக்கு வலது கால் வலிக்க ஆரம்பித்தது. "பத்தொன்பது வருஷமா பிரேக்கை மிதிச்ச கால், கொஞ்சம் அலுத்துக்கத்தான் செய்யும்" என்று ஆறு மாதம் தைலத்தில் ஓட்டினார். பிறகு பாதம் வீங்கி ஷூ ஏற மறுத்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பாதத்தின் எலும்புகளில் மூன்று ஓட்டை, கணுக்காலுக்கு மேலே ஒன்று. ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். குத்தின இடத்தில் ரத்தம் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பஞ்சு பஞ்சாக வைத்து அழுத்தி, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் ஒருவழியாக அடங்கியது.

புதன்கிழமை காலை அந்தத் துணுக்குகள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தன. அரிசி மணி அளவில் நான்கு. பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்ததும் நிதானம் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். சொந்தக்காரர் என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இவர் யார் கையையும் நம்பமாட்டார். அதுவும் இது.

தங்கையின் போன் பத்து மணிக்கு வந்தது. பதினோரு மணிக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஆளே வாசலில் வந்து நின்றாள்.

"எப்ப தெரியும் அண்ணா?"

"பத்து நாளாவது ஆகும்மா."

"பத்து நாளா? நான் செத்துருவேன். மூணு நாளா சோறு இறங்கல. அவர் சிரிச்சுக்கிட்டே இருக்கார், எனக்கு அதான் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை டாக்டருங்க எல்லாம் கூடிப் பேசுவாங்களாமே? அதுக்குள்ள முடியாதா? நீ உள்ளயேதானே இருக்கே, கொஞ்சம் முன்னாடி தள்ளிவிடக் கூடாதா?"

சர்ஜனையே பத்தாம் நாள் வா என்று அனுப்பியவர்தான். ஆனால் அந்தச் சர்ஜன் இவர் தூக்கி வளர்த்த பெண் இல்லையே. கண்ணுக்குக் கீழே கருவளையமும் கலைந்த தலையுமாக அவள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் நிதானத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பார்க்கிறேன், போ" என்றார்.

உள்ளே போய் ஆசிட் ஜாடியைத் திறந்தார். பொடித் துணுக்குகள்தானே, மூன்று மணி நேரம் போதும், மூன்று மணி நேரத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை வேறு யாராவது போட்டிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். துணுக்குகளை ஆசிட்டில் போட்டுவிட்டு வெளியே வந்தால் தங்கை இன்னும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் நாலு வாய் சாப்பிட வைத்து, பஸ்ஸில் கூடவே போய் வீட்டில் விட்டுவிட்டு, மாப்பிள்ளையோடு ஒரு ஆட்டம் ஆடி, தோற்று, தன் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மறுநாள் காலை கூடத்துக் கதவைத் திறக்கும்போதுதான் ஜாடி ஞாபகம் வந்தது. மூன்று மணி நேரம் போட நினைத்தது இருபது மணி நேரம் கிடந்திருந்தது.

படிவத்தில் 'எந்தக் கரைசல்' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை எடுத்து அதில் 'மெதுவானது' என்று எழுதினார். கை பழக்கத்தில் எழுதியது என்று பிற்பாடு பல முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பழக்கம் இல்லை. தெரிந்தேதான் எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஸ்லைடு தயாராக இருந்ததைப் பார்த்து டாக்டரம்மாவே புருவத்தைத் தூக்கினார். "என்ன நிதானம், ரெண்டு நாள்ல?"

"பொடிப்பொடியா இருந்துச்சு மேடம். சீக்கிரம் ஊறிடுச்சு."

ஒரு பொய் தனியாக நிற்காது என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை. டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் வெகு நேரம் பார்த்தார். ரத்தக்குழாய்க் கட்டிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதுவா சண்டியரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஜீன் ஜோடியைப் பார்த்துச் சொல்லும்படி மிச்சமிருந்த மெழுகுக் கட்டியை வெளியே ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினார். பதில் வர பதினாறு நாள் ஆனது. எட்டு நாளை மிச்சம் பிடித்த அண்ணனுக்கும் தங்கைக்கும் அந்தப் பதினாறு நாளில் ஒரு நாளைக்கூட யாரும் குறைத்துக் கொடுக்கவில்லை.

வந்த பதில் ஒரே வரி. மரபணுச் செய்தி சிதைந்திருக்கிறது, சோதனை செய்ய இயலவில்லை.

டாக்டரம்மா அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிதானத்தின் மேசைக்கே வந்தார். "மெதுவானதுலதானே போட்டீங்க?"

"ஆமா மேடம்."

"சரி, உங்களைப் போய்க் கேக்குறேன் பாருங்க. துணுக்கு ரொம்பச் சின்னது, அதான் போலிருக்கு." நம்பிக்கையோடு திரும்பிப் போனார். அவர் கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நிதானத்துக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் எலும்பு டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டார். சின்ன அறை, நாலு நாற்காலி, சுவரில் பிளாஸ்டிக் முழங்கால் ஒன்று மாட்டியிருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்து, "இது உங்க ஆள்தானா டாக்டர், இல்ல யாராவது மறந்துட்டுப் போனதா?" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. தங்கை புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். நிதானம் கதவோரமாக நின்றார்.

டாக்டர் நிதானமாக, நேர்மையாகத்தான் பேசினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "இது நல்லதா கெட்டதான்னு இப்ப இருக்கிற தகவலை வெச்சு சொல்ல முடியல. சோதனை பண்ணிப் பார்த்தோம், பதில் கிடைக்கல. மறுபடி குத்தி எடுக்கலாம். ஆனா போன தடவை எவ்வளவு ரத்தம் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். அப்படி எடுத்தாலும் இதே மாதிரி பதில் வராம போகலாம். நடுவுல இன்னும் ஒரு மாசம் போயிடும். கெட்ட வகையா இருந்தா அந்த ஒரு மாசத்துல நுரையீரலுக்குப் போயிடலாம். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா உயிருக்கு ஆபத்து குறையும். முடிவு உங்களோடது."

மாப்பிள்ளை தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக் கதவோரம் பார்த்தார்.

"மச்சான், நீ சொல்லு. அந்தத் துணுக்கு உன் கைக்குத்தானே வந்துச்சு. திரும்பக் குத்தினா பதில் வருமா, வராதா? ரத்தம் போனா போகட்டும். நீ வரும்னு சொன்னா நான் ஒரு மாசம் காத்திருக்கேன்."

வரும். நிச்சயம் வரும். முதல் தடவை கெட்டது கட்டியின் குணத்தால் அல்ல, ஆசிட்டால். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான், நேரமும் இதுதான் என்று நிதானத்துக்கு நன்றாகவே தெரிந்தது. வாய் வரை வந்தது. அப்போது தங்கை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த நம்பிக்கைக்கு முன்னால், 'நான்தான் கெடுத்தேன்' என்று எப்படிச் சொல்வது? எப்படியும் அது கெட்ட கட்டியாகத்தான் இருக்கும், ஸ்லைடில் பார்க்க அப்படித்தானே இருந்தது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சமாதானம் சொன்னது. கோழைக்குச் சமாதானம் சொல்ல எப்போதும் ஒரு குரல் தயாராக இருக்கும்.

"டாக்டர் சொல்றபடி செய்வோம் மாப்ளே" என்றார்.

"சரி. நீயே சொல்லிட்டே. அப்ப எடுத்துடுங்க டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. வெளியே வரும்போது இவர் தோளில் கைபோட்டு, "எப்படியும் என் கால் உன்கிட்டதான் வரும். பத்திரமா பார்த்துக்க. யார் வீட்டு நாய்க்காவது போட்டுடாதே" என்றார். தங்கை, "வாயைக் கழுவுங்க" என்று அவர் முதுகில் அடித்தாள், அடித்துவிட்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கால் வந்தது. பச்சைத் துணியில் சுற்றி, மூடி போட்ட வாளியில். கூடத்தில் கூட வேலை பார்க்கிற பெண், "நான் பார்த்துக்கறேன் சார், நீங்க வெளிய போங்க" என்றாள். நிதானம் தலையாட்டி அவளை அனுப்பிவிட்டுத் துணியைப் பிரித்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கால்களைப் பார்த்தவர். அதெல்லாம் நம்பர் எழுதின கால்கள். இந்தக் கால் பெருவிரலின் கீழே, பிரேக் மிதியில் அழுந்தும் இடத்தில், காய்த்துப் போயிருந்தது. கணுக்காலைச் சுற்றிச் சாக்ஸின் ரப்பர் பதிந்த தடம் இன்னும் இருந்தது. நகங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் தங்கைதான் வெட்டிவிட்டிருப்பாள். கையுறையோடு அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிதானம் சத்தம் வராமல் அழுதார். பிறகு ரம்பத்தை எடுத்தார்.

எலும்பின் ஓட்டைக்குள் சிவப்பாக, மிருதுவாகக் கட்டி இருந்தது. அதை ஊறவைக்கவே வேண்டாம், அப்படியே மெழுகில் பதிக்கலாம். பதித்தார். ஆனாலும் எலும்போடு ஒட்டிய துண்டுகளையும் மெல்லிய வில்லைகளாக அறுத்து மெதுவான கரைசலில் போட்டார். தினமும் காலையில் வந்து முதல் வேலையாக அதை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து மாற்றினார். பதினோராம் நாள் ஊசி குத்திப் பார்த்தால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இவ்வளவு பக்குவமாக அவர் எந்த எலும்பையும் பதப்படுத்தியதில்லை. யாருக்கும் இனி அது தேவைப்படவும் இல்லை.

இரண்டு துண்டுக்கும் ஒரே பதில் வந்தது. ஃபாஸ்.

டாக்டரம்மா தாளோடு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நிதானம்! சாதுதான்! உங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. பரவாது, நுரையீரலுக்கெல்லாம் போகாது. உடனே வீட்டுக்குப் போன் பண்ணுங்க. வேண்டாம், நானே சொல்லிடறேன்." போனில் தங்கை அழுத அழுகை நிதானத்தின் மேசை வரை கேட்டது. போனை வைத்த பிறகு டாக்டரம்மாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா..." என்றார். "சுரண்டி எடுத்து, எலும்புப் பொடி வெச்சு அடைச்சிருப்பாங்க. ஆறு மாசத்துல பஸ் ஓட்டியிருப்பார்." தாளை மேசையில் போட்டுவிட்டு, "அந்த லேப்காரங்களைச் சும்மா விடக் கூடாது. இவ்வளவு நல்லா வர்ற கட்டி முதல் தடவை எப்படிக் கெடும்? அவங்கதான் ஏதோ சொதப்பியிருக்கணும். இன்னைக்கே புகார் எழுதறேன்."

"எழுதாதீங்க மேடம்" என்றார் நிதானம்.

சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். ஆசிட்டைப் பற்றிச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். கட்டத்தில் எழுதியதைச் சொன்னபோது திறந்தார்.

"ஆசிட்ல போட்டது புத்தி கெட்டுப் பண்ணினது. யாருக்கும் நடக்கும். ஆனா நான் உங்க மேசைக்கு வந்து கேட்டேனே! அப்ப சொல்லியிருந்தா அந்தக் கால் இன்னைக்கு உடம்புல இருக்கும். மனுஷனாய்யா நீ?" அவர் இருபத்திரண்டு வருஷத்தில் நிதானத்தை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதப் போறேன். ஆசிட்னு அதுல இருக்கும். அந்தத் தாள் அவங்க வீட்டுக்குப் போகும். அது போறதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சொல்லுங்க. எலும்பு மேசைக்கு இனி நீங்க வர வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார். வீட்டில் பல மாதத்துக்குப் பிறகு ரேடியோ பாடியது. மாப்பிள்ளை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கட்டு, அதற்கும் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். கட்டிலின் மேலேயே சீட்டுக்கட்டு தயாராக இருந்தது.

"வா மச்சான். டாக்டரம்மா சொன்னாங்க, கேட்டியா? சாதுவாம்ல. நம்ம குடும்பத்துக்கு வர்ற கட்டிகூட என்னை மாதிரியே." சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார். "டிப்போவுல டைம் ஆபீஸ்ல உக்கார வெக்கிறேன்னு சொல்லிட்டாங்க. இனிமே சாக்ஸ் ஒண்ணு தொலைஞ்சாலும் எனக்குக் கவலை இல்ல பாரு. என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? ஆடறதுக்கு முன்னாடியே தோத்துட்டியா?"

தங்கை அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. டீ போட உள்ளே போனாள்.

"மாப்ளே, சீட்டை வை" என்றார் நிதானம். வைத்தார். நிதானம் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். மெதுவான கரைசல், ஆசிட், ஜாடி, கட்டம், டாக்டரம்மா கேட்டது. எதையும் பூசி மெழுகவில்லை. ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. மாப்பிள்ளை கையை நீட்டி அதை நிறுத்தினார்.

"அந்த மெதுவானதுல எத்தனை நாள் போடணும்?"

"பத்து நாள்."

"பத்து நாள்." ஏதோ தெரியாத பாஷை வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பது போலச் சொன்னார். "பத்து நாள்தானா மச்சான்? நான் அவசரப்படவே இல்லையே. பத்து நாளும் இங்க உக்காந்து உன்கூடச் சீட்டாடியிருப்பேனே."

நிதானம் கட்டிலில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார்.

"அதுகூடப் போகட்டும். கை தவறுறது எல்லாருக்கும் உண்டு. நானும் ஒரு தடவை பஸ்ஸை மரத்துல விட்டவன்தான். ஆனா அந்த ரூம்ல உன்னைக் கேட்டேனே. டாக்டரைக் கேக்கல, இவளைக் கேக்கல, உன்னைத்தான் கேட்டேன். நீ வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." மேலே சொல்லாமல் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் தடவினார்.

வாசற்படியில் தம்ளர் சத்தம் கேட்டது. தங்கை டீத்தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"நான் போன் பண்ணிப் பண்ணி அவசரப்படுத்தினதாலயா அண்ணா?" என்றாள். "நான் வாசல்ல வந்து நின்னு அழுதேனே, அதனாலயா?"

நிதானம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தார். உண்மை தன் பங்கோடு நிற்கும், அவளைப் போய்த் தொடாது என்று நினைத்திருந்தார். வாயைத் திறந்தார், மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"உன்னால என்ன? நீ என்ன பண்ணினே? ஜாடி மாறிப் போச்சு, அவ்வளவுதான். ரெண்டு ஜாடியும் ஒரே மாதிரி இருக்குமாம். பார்க்காம போட்டுட்டார். உன் அழுகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்படித்தானே மச்சான்?"

அவர் கண் நிதானத்தின் கண்ணை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் சிரிப்பு இல்லை, மன்னிப்பும் இல்லை. என் காலைத்தான் எடுத்துக்கொண்டாய், இவளை விட்டுவிடு என்று கேட்டது போல இருந்தது.

"ஆமா" என்றார் நிதானம். "ஜாடி மாறிப் போச்சும்மா." இந்தப் பொய்யைச் சொல்ல மட்டும் அவருக்கு ஒரு நொடிகூடத் தாமதம் ஆகவில்லை.

தங்கை டீத்தட்டைக் கீழே வைத்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியாது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கலைத்த சீட்டை மாப்பிள்ளை அடுக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

நிதானம் எழுந்தார். தெருமுனை வரை வழியனுப்பிப் பழகிய உடம்பு. மாப்பிள்ளையும் கூடவே எழ உடம்பை முன்னால் தள்ளினார். வலது காலைத் தரையில் ஊன்றப் போனார். அங்கே ஒன்றும் இல்லை. நிதானம் பிடிக்கக் கை நீட்டினார். மாப்பிள்ளை அந்தக் கையைத் தொடாமல் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார். இருவரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள்.

"நீ போ மச்சான்" என்றார்.

நிதானம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தெருமுனை வரை வந்து, அந்த விளக்குக் கம்பத்தடியில், வழக்கம் போல அரை மணி நேரம் நின்றார்.